கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி: பழனி மலைச் செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற செவிலியர். கொடைக்கானல் மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சொல்லித்தருகிறேன். வகுப்பில் கை தூக்கிக் கேட்டதைவிட டீ குடிக்கும்போது கேட்டதும், ஊருக்குப் போனபின் போனில் கேட்டதும்தான் உருப்படியான கேள்விகள். அவைதான் இங்கே இருக்கின்றன.

நாங்கள் டாக்டர் இல்லையே, இந்தப் பரிசோதனையை நாங்கள் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். நர்ஸ்கள் செய்தால் உயிர் பிழைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் மலையடிவாரம்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையமும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதிப் பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். அழைத்தவர்களில் 31,343 பெண்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம், விளக்கு, பஞ்சு, வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலம், அவ்வளவுதான். அமிலத்தைக் கருப்பை வாயில் வைத்து, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

முடிவு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனைக்கு அழைத்த பகுதிகளில் புதிதாக இந்த நோய் வருவது 25 சதவீதம் குறைந்திருந்தது, இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. 30 முதல் 39 வயதுக்காரர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இறப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனை இது!

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பரிசோதித்தவர்கள் நர்ஸ்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள். அங்கேயும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காக ஆயிரக்கணக்கான பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது நியாயமா என்று பின்னால் காரசாரமான விவாதம் நடந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். அவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த பாடத்தைப் பரணில் போட்டு வைத்தால் அது இரண்டாவது தப்பு.

பாப் ஸ்மியர் இருக்கும்போது வினிகரை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியர் நல்ல பரிசோதனை. பணக்கார நாடுகளில் இந்த நோயைப் பாதிக்குமேல் குறைத்தது அதுதான். ஆனால் அதற்குச் செல்களைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவதில்தான் நாம் சறுக்குகிறோம். கூக்காலில் இருந்து ஒரு அம்மா காலை பஸ்ஸில் வந்து ஸ்மியர் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். முடிவு வர வாரக்கணக்காகும். அதற்குள் பூண்டு எடுக்கும் நேரம் வந்துவிடும், மகளுக்குப் பேறுகாலம் வந்துவிடும், போன் நம்பர் மாறிவிடும். முடிவுத்தாள் நம் மேஜையில் கிடக்கும். அவர் வரமாட்டார்.

அமிலப் பரிசோதனையில் ஒரே நிமிடத்தில் விடை தெரிகிறது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உட்காரும்போதே சொல்லிவிடலாம். ஏழை நாடுகளில் இது வேர்பிடிக்க இதுதான் முதல் காரணம். விலை மலிவு என்பதெல்லாம் அப்புறம்.

குறையும் உண்டு. பார்க்கிறவரின் கண்ணை நம்பித்தான் விடை. அதனால்தான் பயிற்சி, அதனால்தான் இவ்வளவு கேள்வி.

பயிற்சி எத்தனை நாள்? சான்றிதழ் வாங்கியதும் தனியாகச் செய்யலாமா?

நான் நடத்துவது ஆறு நாள். முதல் நாள் பாடம், இரண்டாம் நாள் முழுக்கப் படங்கள். நூற்றுக்கணக்கான கருப்பை வாய்ப் படங்களைக் காட்டி, சாதாரணமா, பாசிட்டிவா, புற்றுநோய்ச் சந்தேகமா என்று எழுதச் சொல்வேன். மூன்றாம் நாள் பொம்மை மாதிரியில் ஸ்பெகுலம் போடப் பழகுவது. மீதி மூன்று நாளும் முகாமில் உண்மையான பெண்களுடன், பக்கத்தில் நான் நின்றுகொண்டு.

சான்றிதழ் அதற்கப்புறம்தான். ஆனால் என் அனுபவத்தில் ஆறாம் நாளைவிட மூன்றாம் மாதம்தான் ஆபத்து. படத்தில் பார்த்த வெள்ளை மெல்ல மறந்துபோகும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது. சிலர் பயந்து எல்லாவற்றையும் பாசிட்டிவ் என்பார்கள். சிலர் பெரிய ஆஸ்பத்திரியில் ஏச்சு விழுமோ என்று எல்லாவற்றையும் நெகட்டிவ் என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து படங்களைப் பார்க்காத பயிற்சியை நான் பயிற்சி என்றே சொல்லமாட்டேன்.

எந்த வெள்ளை பாசிட்டிவ்? எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிகிறது.

போனில் வரும் கேள்விகளில் பாதி இதுதான். நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்பெகுலம் போட்டதும் அமிலத்தை எடுக்காதீர்கள். முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். சளி இருந்தால் உப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வெளிப்புறம் இளஞ்சிவப்பாக வழவழப்பாக இருக்கும். நடுத்துவாரத்தைச் சுற்றி கொஞ்சம் அடர்சிவப்பு. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் முளைக்கும் இடம் அந்த எல்லையை ஒட்டிய பகுதிதான். கோடு முழுவட்டமாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது என்று எழுதி, வேறு பரிசோதனைக்கு அனுப்புங்கள். தெரியாததை நெகட்டிவ் என்று எழுதுவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய பொய்.

இனி அமிலம். நன்றாக நனைந்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். மனதுக்குள் எண்ணாதீர்கள். பதற்றத்தில் நம் அறுபது நாற்பதிலேயே முடிந்துவிடும். மாறுதல் அடைந்த செல்களில் புரதமும் உட்கருவும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து வெளிச்சத்தை மறைக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுப்பது போல என்று வகுப்பில் சொல்வேன்.

அழுத்தமான வெள்ளை, ஓரம் தெளிவாகத் தெரியும் வெள்ளை, எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளை: இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் பாசிட்டிவ். மங்கலாக, மேகம்போல் பரவி, சீக்கிரமே கலைந்துபோகும் வெள்ளை பெரும்பாலும் புண் ஆறும் இடமோ அழற்சியோதான். கோட்டிலிருந்து தள்ளி, தீவு போல நிற்கும் வெள்ளையும் பாசிட்டிவ் அல்ல. மஞ்சள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும் சளிக்கட்டிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

காலிஃப்ளவர் போன்ற வளர்ச்சியோ, தொட்டாலே ரத்தம் வரும் புண்ணோ இருந்தால் அமிலமே வேண்டாம். அது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அன்றே மருத்துவ அலுவலரிடம் சொல்லி மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கடைசியாக விளக்கு. ஒருமுறை முகாமில் கரண்ட் போய், செல்போன் டார்ச்சில் பார்த்தேன். நீலம் கலந்த அந்த வெளிச்சத்தில் எல்லாமே வெளுப்பாகத் தெரிந்தது. மூன்று பெண்களை வீணாகப் பயமுறுத்தி அனுப்பினேன். மறுவாரம் நல்ல விளக்கில் பார்த்தால் மூவருக்கும் ஒன்றுமில்லை. அவர்களில் ஒருவர் அந்த ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லையாம். நம் மலையில் மழை நாளில் கரண்ட் போவது அதிசயமா என்ன! பேட்டரியில் எரியும் நல்ல விளக்கு ஒன்று பையில் இல்லாமல் முகாமுக்குக் கிளம்பாதீர்கள்.

அமிலத்தை எப்படிக் கலப்பது?

5 மில்லி கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம், 95 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அன்றன்று கலந்து, மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள். கலக்காத அமிலம் பட்டால் தோல் வெந்துவிடும். பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தனியாகப் பூட்டி வையுங்கள்.

இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, ஸ்பெகுலத்தைக் கொதிக்க வைத்தால் போதுமா?

பூம்பாறை நர்ஸ் ஒருவர் கேட்டார். சமவெளியில் யாருக்கும் தோன்றாத கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்தது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் படுத்துவது அதனால்தான். என்றாலும் கிருமிகள் பெரும்பாலும் 80 டிகிரிக்கு மேலேயே செத்துவிடும். மூடிபோட்டு, தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 20 நிமிடம் கணக்கிட்டால் போதும். நடுவில் வேறு கருவியைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. எதுவானாலும் முதலில் 0.5 சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, பிறகு தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வர வேண்டும்?

வர வேண்டும் என்று ஒரு கணக்கு கிடையாது. ஆனால் திண்டுக்கல் ஆய்வில் 31,343 பேரில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ், அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர். உங்கள் பதிவேட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றாலோ, முப்பது பேர் என்றாலோ, ஊரில் நோய் குறைந்ததா கூடியதா என்று யோசிக்கும் முன் உங்கள் விளக்கையும் கண்ணையும் சந்தேகப்படுங்கள்.

பாசிட்டிவ் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

“புற்றுநோய்” என்ற சொல்லில் தொடங்காதீர்கள். அதைக் கேட்டபின் நாம் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. “அக்கா, கர்ப்பப்பை வாயில் ஒரு சின்ன இடம் மாறியிருக்கு. இப்பவே கவனிச்சா சரியாயிடும். விட்டா பல வருஷம் கழிச்சு கெட்ட நோயா மாறலாம்” என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே உண்மைதான். இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் தொற்றி, அது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, 5 முதல் 10 வருடம்.

சொன்னபின் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பயிற்சியில் இதுதான் எல்லோருக்கும் கஷ்டம்.

“இது என் வீட்டுக்காரர் கொடுத்த நோயா?” என்று கேட்டால்?

கேட்பார்கள், அதுவும் கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்பார்கள். இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அது உடலுறவில் தொற்றுவதுதான். ஆனால் மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றி, ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் வரலாம், கல்யாணத்துக்கு முன்பே வந்து சத்தமில்லாமல் கிடந்திருக்கலாம். யார், எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. “சளி மாதிரி எல்லாருக்கும் வந்து போறதுதாம்மா, உங்களுக்குப் போகாம தங்கிடுச்சு” என்பேன். நாம் ஒரு வார்த்தை தவறினால் அந்த வீட்டில் அன்று இரவு அடி விழும்.

பாசிட்டிவ் வந்தால் சிகிச்சைக்குக் கீழே அனுப்பினால் போதாதா?

போதாது என்பதுதான் என் கட்சி. திண்டுக்கல் ஆய்வில் தகுதியானவர்களுக்கு நர்ஸ்களே கிரையோ என்ற உறையவைக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள், பலருக்கு அதே வருகையில். இறப்பு குறைந்ததற்கு அமிலத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கண்டுபிடித்துவிட்டுச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால் பயத்தைத்தான் கொடுத்திருக்கிறோம். மன்னவனூர்க்காரர் கொடைக்கானல் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல் போக இன்னும் மூன்று மணி நேரம். இரண்டு நாள் கூலி போச்சு, கூட வருபவருக்கும் சேர்த்துப் பஸ் செலவு. போகவில்லை என்றால் அவர்மேல் என்ன தப்பு?

கிரையோவில் கருப்பை வாயை மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறையவைப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சிக்கல், உறையவைக்கத் தேவைப்படும் கேஸ் சிலிண்டர். கனம் அதிகம், கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஏற்றி வந்தாலும் பாதி முகாமில் தீர்ந்துபோகும். ஆப்பிரிக்க நாடுகளிலும் இதே கதைதான்.

இப்போது கையடக்கமான வெப்பக் கருவி வந்திருக்கிறது. பேட்டரியில் ஓடும். 100 டிகிரிச் சூட்டில் அரை நிமிடம்போல வைத்தால் மாறிய பகுதி அழிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மலைக்கென்றே செய்தது போன்ற கருவி. என்னிடம் பணம் கொடுத்து ஒன்று வாங்கச் சொன்னால் இதைத்தான் வாங்குவேன்.

வெள்ளைப் பகுதி துவாரத்துக்குள்ளே போயிருந்தாலோ, கருப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ இந்த இரண்டும் கூடாது. அவர்கள் கட்டாயம் கீழே போகத்தான் வேண்டும். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை உயிரோடு இருக்கிறதா என்று அனுப்புமுன் பார்த்துவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பின் நாலு வாரம் வரை தண்ணீராக வெள்ளைப்படும். அந்த நாலு வாரமும் உறவு கூடாது. இதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, சம்மதித்தால் கணவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

முகாம் போட்டால் யாரும் வருவதில்லை. என்ன செய்ய?

தேதியை யார் குறித்தது என்று முதலில் கேளுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் முகாம் போட்டால் நாற்காலிகள்தான் வரும். மேல்மலையில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு எடுக்கும் நாட்களும் அப்படியே. பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் பெண்கள் காட்டுக்குள் போய் வருவதற்கேற்பத்தான் நேரம் குறிக்க வேண்டும். அங்கே சீருடை போட்ட நாம் சொல்வதைவிட, பரிசோதனை செய்துகொண்ட ஒரு பெண் “வலிக்கல, வா” என்று சொல்வது பத்து மடங்கு வேலை செய்யும்.

அப்புறம், திரைச்சீலை. ஆண் ஊழியர் நடமாடும் அறையில் துணியைக் கட்டிவிட்டு “கூச்சப்படுறாங்க” என்று பெண்கள்மேல் பழி போடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை கிடைக்கும்வரை முகாமைத் தள்ளிவையுங்கள்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு?

மாதவிடாய் நின்றபின் எல்லைக்கோடு உள்ளே ஏறிவிடும், அமிலம் போட்டாலும் தெரியாது. அவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனையோ பாப் ஸ்மியரோதான் சரி. நின்றபின் ரத்தம் பட்டால் பரிசோதனை முறையை யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.

எச்.பி.வி. பரிசோதனை வந்துவிட்டால் நாம் கற்றது வீணா?

2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் முதலில் சொல்கிறது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனையால் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அந்த ஆய்வில் அமிலப் பரிசோதனை அவ்வளவு பலன் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதில் இன்னொரு வசதி, பெண்ணே குச்சியை வைத்துத் தானாக மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். கூச்சம் பெரிய தடையாக இருக்கும் ஊர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தபின் யாராவது ஸ்பெகுலம் போட்டு, எந்த இடம், சிகிச்சை செய்யலாமா என்று பார்த்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கண் உங்களுடையதுதான்.

தடுப்பூசி போட்ட பெண்ணுக்குப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும், 30 வயதானபின். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது. தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. “இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாமே” என்று கேட்கும் தாய்மாரிடம் கோபப்படாதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி, உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

தாய்லாந்தில் ராய் எட் மாகாணத்தில் நர்ஸ்களே கிராமங்களில் பரிசோதித்து, அன்றே கிரையோவும் கொடுத்தார்கள். ஜாம்பியாவில் 2006இல் லுசாகாவில் தொடங்கிய திட்டத்தில் நர்ஸ் பரிசோதித்து, கேமராவில் படம் எடுத்து, சந்தேகமானதை டாக்டருக்கு அனுப்புவார். அந்தப் படத்தையே அந்தப் பெண்ணுக்கும் காட்டி விளக்குவார்கள். நான் இரவல் வாங்கியது இந்தப் பழக்கத்தைத்தான். படம் எடுக்கும் முன் சம்மதம் கேட்க வேண்டும், முகமோ பெயரோ அதில் வரக்கூடாது, வாட்ஸப் குழுவில் போடவே கூடாது.

பதிவேட்டில் எந்த நம்பரை எழுதுவது?

அவருடைய சொந்த நம்பர். இல்லையென்றால், யாருடைய போனில் பேசினால் தொந்தரவு வராது என்று அவரையே கேட்டு எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, தன்னார்வலர், மகள், யாராக இருந்தாலும் சரி. பாசிட்டிவ் வந்தவர்களின் பெயர்களைத் தனிப் பக்கத்தில் எழுதி, சிகிச்சை முடிந்தபின் மட்டும் கோடு போட்டு அடியுங்கள். கோடு விழாத பெயர் இருக்கிற வரை அந்த முகாம் முடியவில்லை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

பயிற்சிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

நொடி முள் உள்ள கைக்கடிகாரம், கண்ணாடி போடுபவரானால் அந்தக் கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர். நோட்டும் பேனாவும் நாங்களே தருவோம்.